நாடாப் புண்

அந்தக் கவருக்குள்ள இருக்கறது எக்ஸ்ரேங்களா? உங்களுக்குத்தானுங்களா, ஊட்ல யாருக்காச்சுங்களா? ஓ, அம்மாளுக்கு. மொழங்கால். செரி, செரி. மொழங்காலுன்னா ஒண்ணும் தொந்தரவில்லீங்க. மொழங்காலைக் காட்டறதுல என்னுங்க இருக்குது? சேலையச் சித்த ஒசத்துனா முடிஞ்சுது. பாக்கறவனும் பாத்துட்டு வெச்சுருவான்.

நான் சொல்றது வேறைங்க. டாக்டருன்னா எதையும் கேக்கலாமுங்களா? நாலு பேரு நிக்கற எடத்துல, புருசன் பக்கத்துல நிக்கறப்ப, பொம்பளைய வெச்சுக்கிட்டு எதை வேணும்னாலும் கேக்கலாமுங்களா? நீங்களே சொல்லுங்க. இல்ல, இப்பச் சொல்ல வேண்டாம். கேட்டுட்டுச் சொல்லுங்க. இந்தப் பஸ்ஸு எல்லா மரத்தடியிலயும் நின்னு நின்னுதான் போகும், நேரங் கெடக்குது.

நான் கரட்டுப்பாளையம் பால் சொசைட்டி செயலாளருங்க. பேரு முத்துக்குமாரசாமி. பேரச் சொன்னா ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது, செயலாளருன்னாத்தான் தெரியும். பால்ல தண்ணி கலந்திருந்தா மானி போடாமயே சொல்லிப்போடுவேன். கேன் மூடியத் தொறந்தாப் போதுங்க. மாட்டுக்குச் சீக்குன்னா மாட்டு டாக்டருக்கு முந்தி என்னியத்தான் கூப்புடுவாங்க. பெருமைக்குச் சொல்லலீங்க. நான் ஒண்ணும் வெவரங்கெட்ட ஆளில்லைன்னு நீங்க தெரிஞ்சுக்கோணுமில்ல, அதுக்குத்தான்.

என்ற சம்சாரம் பேரு மைனாவதி. அவளாட்ட ஒரு பொம்பளைய நீங்க பாத்திருக்க மாட்டீங்க. கண்ணாலமாயி வந்த நாள்லருந்து என்ற பேச்சுக்கு மறுபேச்சு கெடையாது. ரோட்டுல போனா என்ற நெழலுக்குப் பின்னாலதான் வருவா. பக்கத்து ஊட்டுக்காரன் கூட அவ கொரலைக் கேட்டிருக்க மாட்டான். எங்களுக்கு ஒரே பொண்ணு, தாரணி. பன்னெண்டாவது படிச்சுக்கிட்டிருந்தா அப்ப. அவ அப்பிடியில்லீங்க. அவ எதுக்கெடுத்தாலும் ‘ஏம்ப்பா?’ம்பா.

போன வருசம் ஐப்பசி மழை நல்லாப் புடிச்சுக்கிச்சு. வாய்க்கா மேட்டுல புல்லு ஆளொசரம் நின்னுச்சு. எங்ககிட்ட எருமை, கறவை மாடுன்னு தொழுவம் நெறைய உருப்படி. மைனாவதிதான் போயி புல்லறுத்துட்டு வருவா. புல்லுக்கட்ட இறக்கி வெச்சுட்டு, மேலெல்லாம் ஒட்டியிருக்கறதத் தட்டி உட்டுட்டு நேரா கறவைக்கு உக்காந்துருவா. அப்ப ஒரு நாளு சோறு போட்டுக்கிட்டே சொன்னாளுங்க, “இடுப்புல என்னமோ கருப்பாட்ட இருக்குது. வலியும் இல்ல, அரிப்பும் இல்ல”ன்னு.

நான் என்னுங்க சொல்லுவேன்? பாவாடை நாடாவ இறுக்கிக் கட்டறாங்கல்ல, எல்லாப் பொம்பளைகளுக்கும் அந்த எடம் கறுத்துத்தான் கெடக்கும். மாட்டுக்கு மூக்கணாங்கவுறு பட்ட எடம் காய்ச்சுப் போறதில்லீங்களா, அதாட்டத்தான். “நாடாப் புண்ணு. நாடாவ எளக்கிக் கட்டு, தேங்காயெண்ண வையி”ன்னேன். செரின்னா. அதோட உட்டுப்போச்சு. இதெல்லாம் ஒரு வெசயமுன்னு நான் எதுக்கு உங்ககிட்டச் சொல்றேன்னா, பின்னால இதையப் புடிச்சுக்கிட்டுத்தான் எல்லாரும் எம்மேல பாஞ்சாங்க.

அதுக்கப்பறம் காச்சல் வந்துச்சு. மண்டவலின்னா அப்பிடியொரு மண்டவலி. கண்ணெல்லாம் செவந்து போச்சு. மருந்துக் கடையில மாத்திரை வாங்கிக் குடுத்தேன். நெலவேம்புக் கசாயம் வெச்சுக் குடுத்தேன். காச்சலு எறங்கறதும் ஏறறதுமா இருந்துச்சு. அந்தக் காச்சலோடவும் கறவைக்கு உக்காந்தாளுங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஆனாப் பாருங்க, அவ கை பட்டாத்தான் அந்த எருமை சொரக்கும். வேற ஆளு உக்காந்தா ஒதைக்கும். பாலைக் கறக்காம மடியக் கட்டி உட முடியுங்களா?

ஒரு நாளு தொழுவத்துலயே சாஞ்சுட்டா. பால் சட்டி உருண்டு ஓடுச்சு. தாரணிதான் பாத்துட்டுக் கத்துனா. உடனே வண்டி வெச்சு டவுன்ல இருக்கற கவர்மென்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோமுங்க. மத்தியான நேரம், அவசரப் பிரிவுல கூட்டமுன்னா கூட்டம். ஒருத்தன் மண்டை ஒடஞ்சு உக்காந்திருக்கறான், ஒரு கொழந்தைக்கு வாந்தி, ஒரு பெருசு இருமிக்கிட்டுக் கெடக்குது. அதுக்கு நடுவால ஒரு கட்டில்ல இவளப் போட்டாங்க.

டாக்டரு ஒரு சின்னப் பையன். மீசை கூடச் செரியா மொளைக்கல. தெக்கத்தி ஆளு, பேரு சுடலைமுத்து. பேரப் பாருங்க! ஆஸ்பத்திரியில உசுரக் காப்பாத்த உக்காந்திருக்கறவனுக்குச் சுடலைன்னு பேரு. எனக்கு அப்பவே மனசுக்குள்ள என்னமோ பட்டுச்சு.

வந்தான். நாடி புடிச்சான், நாக்கப் பாத்தான், கண்ணப் பாத்தான், வயித்த அமுக்கிப் பாத்தான். அது வரைக்கும் செரி. அப்பறம் கேக்கறான், “இவங்க என்ன வேலை பாக்காங்க? புல்லு, பொதர்ப் பக்கம் போவாங்களா?”ன்னு. நான் சொன்னேன், “நாங்க பண்ணையம் பாக்கறவங்க, புல்லுக்குப் போகாம சினிமாவுக்கா போவாங்க?”ன்னு. பக்கத்துல ரெண்டு பேரு சிரிச்சாங்க. அவன் சிரிக்கல.

“ஐயா, ஒடம்புல எங்கயாவது கருப்பா ஒரு பொருக்கு இருக்கா? சிகரெட்டு வச்சுச் சுட்ட மாதிரி? வலிக்காது. அவங்களுக்கே தெரியாமக் கூட இருக்கும். அக்குள்ள, மார்புக்குக் கீழ, இடுப்புல, தொடையிடுக்குல…”

இப்பிடி ஒவ்வொரு எடமாச் சொல்றானுங்க! சத்தமா! அந்த மண்டை ஒடஞ்சவன் திரும்பிப் பாக்கறான். எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு.

“காச்சலுன்னு வந்தா காச்சலுக்கு மருந்து குடுங்க. இதென்ன கேள்வி?”ன்னேன்.

“ஐயா, புல்லுக்காட்டுல ஒரு பொடிப்பூச்சி உண்டு, கண்ணுக்கே தெரியாது. அது கடிச்சா ஒரு கிருமி உள்ள போயிரும். இந்தப் பக்கம் அவ்வளவாக் கெடையாது, அதனால யாரும் தேட மாட்டாங்க. நான் படிச்ச எடத்துல பாத்திருக்கேன். அந்தப் பொருக்கு இருந்துச்சுன்னா இப்பவே கண்டுபிடிச்சிறலாம். நான் பாக்க வேண்டாம், திரையப் போட்டு நர்ஸம்மா பாக்கட்டும். ரெண்டு நிமிசம்”ங்கறான்.

பூச்சி கடிச்சதுன்னு எங்கிட்டச் சொல்றானுங்க! என்ற மாட்டுக்கெல்லாம் நாந்தான் உண்ணி எடுக்கறது. பொழுது சாஞ்சா அதான் வேலை. காதுக்குள்ள, மடியோரம், வாலுக்கடியில, தொடைச் சந்துலன்னு தடவித் தடவிப் பாத்து ஒண்ணு உடாம எடுப்பேன். பூச்சி கடிச்சா எப்பிடியிருக்குமுன்னு எனக்குத் தெரியாதுங்களா?

“என்ற சம்சாரத்த எனக்குத் தெரியும். அப்பிடி ஒண்ணும் கெடையாது”ன்னு சொல்லிப்போட்டேன்.

அப்பப் பாருங்க, மைனாவதிக்குக் காச்சல் தலைக்கேறிப் போச்சு. கைய எடுத்து இடுப்புக்கிட்டக் கொண்டு போறா, சேலைக் கொசுவத்தப் புடிச்சு இழுக்கறா. என்னமோ முனகுறா. நாலு பேரு பாக்கறாங்களேன்னு நான் சட்டுன்னு அந்தக் கையப் புடிச்சு, “கம்முன்னு இரு”ன்னு சேலையச் செரி பண்ணி உட்டேன். மறுக்காவும் இழுத்தா. நான் மறுக்காவும் செரி பண்ணுனேன். தன்னிலை இல்லாத நேரத்துலயும் அவ மானத்த நாந்தானுங்க காப்பாத்த வேண்டியிருந்துச்சு. அப்பறம் என்னியப் பாத்தா. பாத்துட்டுக் கைய எடுத்துட்டா. சொன்னேனில்ல, என்ற பேச்சுக்கு மறுபேச்சு கெடையாது.

தாரணி அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, “அப்பா, அம்மா என்னமோ சொல்ல வர்றாங்க”ன்னா. “நீ வெளிய போயி நில்லு”ன்னு தாட்டி உட்டேன். வயசுப் பொண்ணு நிக்கற எடமுங்களா அது?

அந்தப் பையன் உடறதா இல்ல. எங்கிட்ட வந்து கொரலைத் தாழ்த்திக்கிட்டு, “செரிங்கய்யா, பாக்க வேண்டாம். ஆனா சந்தேகத்துலயே மருந்த ஆரம்பிச்சிருவோம். லேட்டாச்சுன்னா நுரையீரல், கிட்னி எல்லாம் போயிரும். இங்கயே படுக்கட்டும்”னு சொல்லி, நர்ஸம்மாகிட்டச் சொல்லி ஒரு பட்டை மாத்திரை குடுத்தான். கேப்சூலுங்க. “மொதல் மாத்திரைய இப்பவே குடுங்க”ன்னான். “ஒண்ணும் உங்காம இருக்கறா, உண்ட பொறவு குடுக்கறேன்”னு சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

வெளிய வந்து தாரணிகிட்டக் காட்டுனா, “அப்பா, இது எனக்கு மூஞ்சியில பருவுக்குக் குடுத்த மாத்திரை”ங்கறா! பருவுக்குக் குடுக்கற மாத்திரைய, நெனப்புத் தப்பிக் கெடக்கற பொம்பளைக்குக் குடுக்கறான்னா அவன் என்ன டாக்டருங்க? அப்பவே முடிவு பண்ணிப்போட்டேன். உள்ளாற போயி, “நாங்க வேற பக்கம் பாத்துக்கறோம்”னேன். ஓடி வந்தான். வண்டி வரைக்கும் ஓடி வந்தான். “ஐயா, எங்க வேணும்னாலும் போங்க, அந்த மாத்திரைய மட்டும் குடுத்துருங்க. போற ஆஸ்பத்திரியில அவங்க கேக்காட்டியும் ‘பூச்சிக்கடிக் காய்ச்சலா இருக்குமோ’ன்னு மட்டும் சொல்லிருங்க”ன்னு கதவப் புடிச்சுக்கிட்டு நிக்கறான். நான் கதவச் சாத்தச் சொன்னேன். கை மாட்டிக்கப் பாத்துச்சு அவனுக்கு.

தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பேரு வேண்டாம். அங்க எல்லாம் மரியாதைங்க. வாங்க, உக்காருங்க, ஏசி ரூமு. வயசான டாக்டரு, நெத்தியில துன்னூறு. மேல கை வெக்கல. ரத்தம் எடுத்தாங்க, படம் எடுத்தாங்க. “தட்டணு கொறைஞ்சிருக்குது, டெங்குவாட்டத் தெரியுது”ன்னாரு. டெங்குன்னா கேள்விப்பட்ட நோயி, மனசுக்கு ஒரு தெம்பா இருந்துச்சு. சேலைன் போட்டாங்க, பெரிய பெரிய ஊசியெல்லாம் போட்டாங்க. பப்பாளி எலைச் சாறு புழிஞ்சு கொண்டாந்து நானே குடுத்தேன். அவளுக்காக நான் ஓடாத ஓட்டமில்லீங்க. அந்த மாத்திரைப் பட்டையா? அது என்ற சட்டைப் பையிலயே இருந்திருக்குது. அவ்வளவு பெரிய ஊசி போடறப்ப பருவு மாத்திரைய எங்க நெனைக்கறது? பூச்சிக்கடின்னு சொன்னனான்னு கேக்கறீங்களா? இல்லீங்க. அவ்வளவு பெரிய டாக்டரு டெங்குன்னு சொல்றப்ப, ஒரு சின்னப் பையன் ஒளறுனதப் போயி அவருகிட்டச் சொன்னா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாரு?

ஊசி போடப் போட காச்சல் நிக்கல. மேமூச்சு வாங்க ஆரம்பிச்சுது. நெஞ்சு தோல் துருத்தியாட்ட ஏறி ஏறி எறங்குது. “இனி இங்க முடியாது, கோயமுத்தூருக்குக் கொண்டு போயிருங்க”ன்னு அவரே கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாரு. அப்பவும் மரியாதையாத்தான் சொன்னாரு.

ஆம்புலன்சுல மச்சானும் வந்தாரு. அவளுக்கு மூத்தவரு, சென்னியப்பன். வழி முச்சூடும் தங்கச்சி காலப் புடிச்சுக்கிட்டே வந்தாரு. தாரணி அம்மா காதுகிட்ட என்னமோ பேசிக்கிட்டே வந்தா. மைனாவதி கண்ணத் தொறக்கல.

கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவுல ஒரு பொம்பளை டாக்டரு. எறக்குனதும் எங்கள யாரையும் கேக்கல. வெளிய தள்ளித் திரையப் போட்டா. கத்திரி எடுத்து சேலை, பாவாடை எல்லாத்தையும் வெட்டிப்போட்டாளாம். நான் கத்திக்கிட்டே நிக்கறேன், யாரும் சட்டை பண்ணல. ஒரு வெத்தல போட்டுத் துப்பற நேரம் கூட இருக்காது, திரைய வெலக்கிட்டு வெளிய வந்தா. “இவங்க இடுப்புல இருக்கறது எப்ப வந்தது?”

“அது நாடாப் புண்ணுங்க”ன்னேன்.

“நாடாப் புண்ணா?”ன்னு என்னிய மேலயும் கீழயும் பாத்தா. “இது பூச்சி கடிச்ச பொருக்கு. உண்ணிக் காய்ச்சல். இதுக்கு முன்னால பாத்த எடத்துல யாரும் ஒடம்பப் பாக்கலையா? மருந்து எதாச்சும் ஆரம்பிச்சாங்களா?”

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள தாரணி சொல்லிப்போட்டா. “மொதல்ல பாத்த டாக்டரு கேட்டாருங்க. மாத்திரையும் குடுத்தாருங்க. அப்பா குடுக்கல.”

அந்தப் பொம்பளை டாக்டரு அப்பிடியே திரும்பி உள்ள போயிட்டா. மச்சான் என்னியப் பாத்தாரு. நான் அவருகிட்ட சொன்னேன், “மச்சான், அது பருவு மாத்திரை”ன்னு. அவரு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

அதே மருந்தத்தான் ஊசியில ஏத்துனாங்களாம். மூச்சுக்கு மெசினு, கிட்னிக்கு மெசினு. கண்ணாடி வழியாப் பாத்தா அவ மொகமே தெரியல, அவ்வளவு கொழாயி. வெளிய பெஞ்சுல நாங்க மூணு பேரும் மூணு மூலையில உக்காந்திருந்தோம். காச்சலு நின்னுபோச்சுன்னு ஒருக்காச் சொன்னாங்க. நான் சந்தோசப்பட்டேன். ஆனா நுரையீரலு திரும்பலைன்னாங்க. அப்பறம் இருதயமும் கை உட்டுருச்சுன்னு வந்து சொன்னாங்க.

அவ்வளவுதானுங்க.

இப்ப நீங்க சொல்லுங்க. நாடாப் புண்ணுல ஒரு உசுரு போகுங்களா? ஊர்ல எத்தன பொம்பளைகளுக்கு இடுப்பு கறுத்துக் கெடக்குது, அவங்கெல்லாம் செத்தா போயிட்டாங்க? கோயமுத்தூருக்காரி மருந்து ஏத்துனாளே, என்ற சம்சாரம் பொழைச்சாளா? இல்லையில்ல? அப்ப அது வேற சீக்குத்தானே? இத நான் மச்சானுகிட்டக் கேட்டேன், கருமாதிக்கு வந்த ஒறம்பரையில ஒவ்வொருத்தருகிட்டயும் கேட்டேன். யாரும் பதிலு சொல்லல. பதிலு இருந்தாச் சொல்லியிருப்பாங்கில்ல?

நான் சும்மா இருக்கலீங்க. மனு நீதி நாளுக்குப் போயி கலெக்டராபீசுல மனுக் குடுத்தேன். அவசரப் பிரிவுல நாலு பேரு முன்னால என்ற சம்சாரத்த அசிங்கப்படுத்துன டாக்டரு மேல. அவன் அப்பிடிக் கேக்காம இருந்திருந்தா நான் அங்கிருந்து கெளம்பியிருக்கவே மாட்டேனே, அவனுக்கு வாய் செரியில்லாமத்தானே இத்தனையும்! மறுக்கா மறுக்காப் போனேன். சொசைட்டிப் பக்கம் பழக்கமான பெரிய மனுசங்க ரெண்டு பேரு பேசுனாங்க. கடைசில அவனத் தூக்கி மலை மேல எங்கியோ போட்டுட்டாங்க.

போறதுக்கு முந்தி எங்க ஊட்டுக்கு வந்தானுங்க. நெசமா. பைக்க வாசல்ல நிறுத்திட்டு உள்ள வராம நின்னான். மைனாவதி படத்துக்கு மாலை போட்டிருந்தோம், அதையே பாத்துக்கிட்டு நின்னான். நான் என்னன்னேன்.

“நான் இன்னும் மல்லுக்கட்டியிருக்கணும்யா. நீங்க சத்தம் போட்டதும் பின்வாங்கிட்டேன். ஒங்கள வெளிய அனுப்பிட்டு நர்ஸம்மாவ வச்சுப் பாத்திருக்கணும். அந்த மாத்திரைய என் கையாலயே அவங்க வாயில போட்டிருக்கணும். அவங்க கைய இடுப்புக்குக் கொண்டு போனாங்க, நான் பாத்தேன். பாத்துட்டும் விட்டுட்டேன். என் தப்புதான்.”

சொல்லிட்டு அழுகறானுங்க. ஆம்பளை, டாக்டருக்குப் படிச்சவன், என்ற வாசல்ல நின்னு அழுகறான்.

கேட்டுக்கிட்டீங்களா? ‘என் தப்புதான்’னு அவன் வாயாலயே வந்துருச்சு. இத விட என்னுங்க சாட்சி வேணும்? நான் பெரிய மனசு பண்ணி, “செரி, போ தம்பி, இனிமேலாச்சும் பொம்பளைங்ககிட்ட மரியாதையா நடந்துக்கோ”ன்னேன். மனுவத் திருப்பி வாங்கறேன்னு மட்டும் சொல்லல.

தாரணி ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா அவனுக்கு. குடிச்சான். “அந்த மாத்திரைய அன்னைக்கே குடுத்திருந்தா அம்மா இருந்திருப்பாங்களாங்க?”ன்னு கேட்டா. அவன் என்னியப் பாத்தான், அவளப் பாத்தான். “தெரியலம்மா”ன்னான். அவனுக்கே தெரியலீங்க! படிச்ச டாக்டருக்கே தெரியாதது எனக்கெப்பிடி அன்னைக்குத் தெரியும்? நான் அதைத்தான் தாரணிகிட்டச் சொன்னேன். அவ சொம்ப வாங்கிக்கிட்டு உள்ள போனா. விடிஞ்சு பாக்கறேன், துணிமணிய எடுத்துக்கிட்டு மாமன் ஊட்டுக்குக் கெளம்பி நிக்கறா. “ஏன் அம்மிணி?”ன்னேன். பைய எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டா. எதுக்கெடுத்தாலும் ‘ஏம்ப்பா’ன்னு கேக்கற புள்ளைங்க. அன்னைக்கு ஒண்ணுமே கேக்காமப் போயிட்டா.

போகட்டும். ஆனா நான் செஞ்சதுக்குப் பலன் இருக்குதுங்க. அந்த ஆஸ்பத்திரிக்கு இப்பப் புதுசா ஒருத்தரு வந்திருக்கறாரு. தங்கமான மனுசன். பொம்பளைகள நிமிந்து பாக்க மாட்டாரு. நெஞ்சுல கொழாய வெச்சுப் பாத்தாலும் துணி மேலதான். காச்சலுன்னா ஒரு கேள்வி கெடையாது, பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருவாரு. முந்தி ஒருத்தருக்கு நடந்ததக் கேள்விப்பட்டிருப்பாரில்ல, எல்லாரும் இப்பச் சூதானமா இருக்கறாங்க. எங்கூரு சலவைக்காரரு மருமவ, பேரு வாசுகி, சின்ன வயசு, கைக்கொழந்தைக்காரி. இந்த மழைக்கு அவளும் காச்சல்னு அங்க போனா. பாத்த ஒடனே எழுதிக் குடுத்துட்டாரு. அங்க போயி, அங்கிருந்து இன்னொரு எடம் போயி, வழியிலயே முடிஞ்சு போச்சு. என்ன சீக்குன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியல. அதுக்கென்னுங்க பண்றது, விதி. ஆனாப் பாருங்க, ஒருத்தன் ஒரு வார்த்தை தப்பாக் கேக்கல. மானத்தோட போயிச் சேந்தா.

என்ன, எக்ஸ்ரேவ அந்தப் பக்கம் மாத்தி வெச்சுக்கிட்டீங்க? எடம் பத்தலீங்களா? நான் வேணும்னா இன்னும் நகந்துக்கறேன்.

எனக்கா? எனக்கு ஒண்ணும் கொறையில்லீங்க. எருமைய வித்துப்போட்டேன், என்னியக் கிட்டச் சேக்க மாட்டேங்குது. சோறு நானே ஆக்கிக்கறேன். காத்தால சொசைட்டி, சாயங்காலம் சொசைட்டி. நடுவால இந்த மத்தியானந்தான் நவுர மாட்டேங்குது. ஊட்டுக்குள்ள ஒரு சத்தமில்ல. அவ இருந்தப்பவும் சத்தமில்லாமத்தான் இருந்தா, ஆனா அது வேறைங்க. அது எப்பிடின்னு எனக்குச் சொல்லத் தெரியல.

இன்னைக்கு அவளுக்கு வருசத் தெவசம். மச்சான் ஊட்ல வெச்சிருக்கறாங்களாம். எனக்குச் சொல்லி உடலீங்க. பால் வண்டி ஓட்டறவன் அந்தப் பக்கம் போயிட்டு வந்தவன் சொல்லித்தான் எனக்கே தெரியும். புருசன் நான் கல்லாட்ட இருக்கறப்ப நானில்லாம எப்பிடிங்க தெவசம்? கல்யாணத்துக்குக் கூப்புடோணும், சாவுக்குக் கூப்புட வேண்டாம்னு சொல்லுவாங்க. தெவசத்துக்கும் அதான் கணக்குன்னு நெனச்சுக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

தீவாளிக்கு ஒருக்காப் போயிருந்தேன், தாரணிக்குத் துணியெடுத்துக்கிட்டு. மச்சான் வாசக்கதவப் புடிச்சுக்கிட்டே நின்னாரு. வாங்கன்னு சொல்லல. “நீங்க போங்க மாப்ள”ன்னாரு. திட்டியிருந்தாக் கூட நான் திருப்பிப் பேசியிருப்பேன். மரியாதையாச் சொன்னா என்ன பண்றதுங்க? உள்ளாற தாரணி கொலுசுச் சத்தம் கேட்டுச்சு. வாசலுக்குப் பக்கத்துல வரைக்கும் வந்துச்சு. நின்னுச்சு. அப்பறம் அப்பிடியே திரும்பி உள்ள போயிருச்சு. துணிய வாசல்ல வெச்சுட்டு வந்தேன். எடுத்தாளோ என்னவோ.

இந்தா, ரோட்டுப் பிரிவு வந்துருச்சு. நீங்களும் இங்க எறங்கித்தானே வண்டி மாத்தோணும்னீங்க? உங்க வண்டிக்கு இன்னும் நேரங் கெடக்குதுங்க, எனக்குத் தெரியும். ஒரு ஒத்தாசை பண்றீங்களா? ஒரு எட்டு எங்கூட வந்துட்டுப் போயிருங்க. பக்கந்தான், நடந்தாப் போதும். வேத்தாளு ஒருத்தரு கூட வந்திருந்தா வாசல்ல நிக்க வெச்சு அனுப்ப மாட்டாங்க. ஊருப் பழக்கமுன்னு ஒண்ணு இருக்குதில்ல. ‘வாங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லித்தானே ஆகோணும். உங்களச் சொன்னா அது எனக்குஞ் சேத்தித்தானே? நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். எனக்குப் பக்கத்துல சித்த நேரம் நின்னாப் போதும்.

என்னுங்க? எந்திரிக்காம உக்காந்திருக்கறீங்க? எறங்கோணுமுங்க. ஏனுங்க… கண்டக்டரு விசிலு குடுத்துட்டாருங்க.